முந்நூறு சொற்களுக்குள்

"வரலாறு ஒரு பக்கம், பாடங்கள் ஒரு பக்கம்.
முந்நூறு சொல்லுக்கு மேல் போனால்
எந்தப் பெற்றோரும் படிக்கமாட்டார்கள், எமரென்சியா"
என்றார் முதல்வர் திருமதி கூ.
கிராணிக்கு எழுத்தாளர் வேலை.
ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்;
சொற்களைத் தமிழில் எண்ணிக்கொள்கிறேன்.

புலாவ் தீக்கூஸ். புனித பிளாசியார் இடைநிலைப்பள்ளி.
மூன்று அருட்சகோதரர்கள், வாடகை வீடு,
இருபத்தொரு பையன்கள், அத்தாப்புக் கூரை.
கூரை ஒழுகியது என்று எழுதி அடித்தேன்.
எந்தப் பள்ளியின் கூரைதான் ஒழுகவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் வகுப்பறைகளில் உப்பு மூட்டை.
இசையறைப் பியானோவின் மூன்று கால்களும்
யார் வீட்டு அடுப்பிலோ எரிந்தன.
சண்டை முடிந்து திரும்பிய சகோதரர்கள்
பழைய சேர்க்கைப் பேரேடுகளை அடுக்கி
அதன்மேல் பியானோவை உட்காரவைத்தார்கள்.
பதினாறு வருடம் பாட்டைச் சுமந்தவை
இப்போது என் மேசையில்.
ஒவ்வோர் அட்டையிலும் ஒரு குழி.

கட்டணப் பத்தியை விரல் வைத்துப் படிக்கிறேன்:
இரண்டரை வெள்ளி.
இரண்டரை வெள்ளி.
ஒரு மூட்டை கரி.
வெள்ளிக்கிழமைகளில் மீன்.
பிறகு.
மாசிலாமணி, த/பெ இருதயம், தோட்டத்துப் பிள்ளை:
பிறகு, பிறகு, பிறகு,
பதினொரு மாதம் அதே சாய்ந்த கையெழுத்து.
பன்னிரண்டாம் மாதம் அதுவும் இல்லை,
கட்டம் காலி.
கட்டிவிட்டானா, நின்றுவிட்டானா,
பேரேடு வாய் திறக்கவில்லை.

அப்புறம் சுயாதீனம்.
அரசு மானியம் வேண்டாம் என்று அனுப்பிய கடிதத்தின் நகலில்
மூன்று இடத்தில் அடித்துத் திருத்தம்,
நான்காவது இடத்தில் கோப்பிக் கறை.
அன்றிலிருந்து பாடவேளை எங்களுடையது,
ஆசிரியர்கள் எங்கள் தேர்வு,
கூரை ஒழுகினால் எங்கள் வாளி.
கட்டணப் பத்தி தட்டச்சுக்கு மாறியது.
தட்டச்சில் 'பிறகு' வரவே இல்லை.

இனி பாடங்கள்.
ரோபோ மன்றம். விவாத அரங்கு. பித்தளை வாத்தியக் குழு.
மாண்டரின், பிரெஞ்சு.
சனிதோறும் முதியோர் இல்லத்தில் நகம் வெட்டிவிடுதல்:
மதிப்பெண் கிடையாது, வராமலும் இருக்க முடியாது.
பிப்ரவரி மூன்றாம் நாள் பிளாசியார் திருநாள்;
குறுக்கே கட்டிய இரு மெழுகுவர்த்திகளைத்
தொண்டையருகே பிடித்து ஒரு செபம்.
மீன்முள் சிக்கிய பையனைக் காப்பாற்றியவராம்.
லக்சா தின்னும் ஊருக்குப் பொருத்தமான புனிதர்தான்.
வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர்
கோயில் பக்கமே போகாதவர்கள்.

தமிழுக்கு மட்டும் ஒரு நட்சத்திரக் குறி.
கீழே, பொடி எழுத்தில்:
'பதினைந்து பேர் சேர்ந்தால்.'
இந்த ஆண்டு பதினான்கு.
பெயர்ப் பட்டியல் மூடும் நாளில்
படிவம் இரண்டு சியூ வெய் ஜியெ வந்து நின்றான்.
அப்பாவுக்கு டயர் கடை.
"ஃபோர்மேன் அண்ணன் என்னை என்ன சொல்லித் திட்டுகிறார்,
எனக்குத் தெரிய வேண்டும், டீச்சர்."
நான் டீச்சர் இல்லை. பெயரை எழுதிக்கொண்டேன்.
இப்போது 'கழுதை' சொல்லிப் பழகுகிறான்.
தொண்டையில் தேடாதே, நாக்கை மடி என்கிறார்கள்
பதினான்கு பேரும்.
மெழுகுவர்த்தி உதவாத இடம் அது.

எண்ணினேன். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
ஒரு சொல்லுக்கு இடமிருந்தது.
'கட்டணம் செலுத்தும் முறை: மாதம், தவணை'
என்ற வரியின் கடைசியில்
'பிறகு' என்று சேர்த்தேன்.

மாலையில் படி திரும்பி வந்தது.
அந்த ஒரு சொல்லின் மேல் சிவப்புக் கோடு.
ஓரத்தில் பென்சிலால், திருமதி கூவின் கையெழுத்தில்:
"இதை அச்சடிக்காதே.
வருகிறவர்களை என்னிடம் அனுப்பு."